கேட்கப்படாத சாட்சி

இந்தப் பிற்பகலைச் சொல்லத் தொடங்குமுன், கேட்பவர் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடற்கரை ஊரில் ஒருவர் இறந்தால், பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை முடிந்து சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றுவதற்கு முன், தொழுவித்தவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: “இந்த மையித்தைப் பற்றி என்ன சாட்சி சொல்கிறீர்கள்?” கூட்டம் “நல்லவர்” என்று மூன்று முறை சொல்லும். இறந்தவரை உயிரோடிருந்தபோது வாய்க்கு வந்தபடி ஏசியவரும் அந்த மூன்று முறையும் சேர்ந்து சொல்வார், அதுதான் வழக்கம். பள்ளிக்குள் வராத பெண்கள், மேற்குச் சுவரின் உச்சியிலிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய் வழியாக, தத்தம் வீட்டு முற்றத்தில் நின்று அதைக் கேட்பார்கள். இவ்வழக்கம் மார்க்கத்தில் இல்லை என்று நிறுத்தியவர் மௌலவி அப்துல் வதூது. தர்காக் கொடியேற்றம், மூன்றாம் நாள் பாத்திஹா, மௌலிது எனப் பலவற்றையும் அவர் மறுத்தார். ஊர் பெரிய பள்ளி, புதுப்பள்ளி என இரண்டாயிற்று, பெருநாளும் இரண்டாயிற்று. பெரிய பள்ளியில் சாட்சி கேட்பது திரும்பவும் தொடங்கியது. புதுப்பள்ளியில் இன்றுவரை இல்லை. மௌலவி இறந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அவர் முதன்முதலில் சாட்சி கேளாமல் அனுப்பிய மையித்து, மைக்செட்டுக் கடை மீராசாவுடையது. அந்த மீராசாவின் மகள் பல்கீஸ், நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்து தலைமை எழுத்தரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள், அறுபத்திரண்டு வயதினள். மீராசாவின் மனைவி, எண்பத்து நான்கு வயதில், உள்ளறைக் கட்டிலில் படுத்திருக்கிறாள். ஊர் நலச் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் மௌலவிக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதித் தரும் பொறுப்பைச் சங்கச் செயலாளர் இத்ரீஸ் பல்கீஸிடம் விட்டிருக்கிறார். மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னதும் வந்து வாங்கிக்கொள்வார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆகிறது. தாள் வெறுமையாக இருக்கிறது.

வெறுமை என்பதும் முழு உண்மையன்று. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு ஆகிய மூன்றும் தாளின் தலையில் இருக்கின்றன, அவற்றை எவரும் மறுக்க முடியாது, அவற்றின் கீழே எந்த வரியை எழுதினாலும் பாதி ஊர் மறுக்கும். மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்ற கணத்தில், மதியம் பொரித்த சீலா மீனின் வாசனை, அதுவரை எங்கோ ஒதுங்கி நின்றது, உரிமையோடு வந்து மேசையருகே உட்கார்ந்துகொண்டது. பல்கீஸ் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். இடப்பக்கம் புதுப்பள்ளியார் கொடுத்த குறிப்பு, வலப்பக்கம் பெரிய பள்ளியார் கொடுத்த குறிப்பு, இரண்டின் மேலும் ஒவ்வொரு பாக்குவெட்டி. இரண்டு பாக்குவெட்டிகளும் உள்ளறையில் படுத்திருக்கும் உம்மாவுடையவை, பல் போனபிறகு தாளுக்குப் பாரமாகத்தான் பயன்படுகின்றன. இடப்பக்கத்தின் முதல் வாக்கியத்தில் பதினொரு புகழ்மொழிகள், ஒரு தேதிகூட இல்லை. இருளகற்றிய ஒளிவிளக்காம், அஞ்சா நெஞ்சராம். அஞ்சாத மனிதன் ஒருவனை அவள் தன் முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் கண்டதில்லை. கூண்டில் ஏறிய அனைவருக்கும் கை நடுங்கியது, பொய் சொன்னவர்களுக்குச் சற்றுக் குறைவாக நடுங்கியது, அவ்வளவுதான். வலப்பக்கத்தில் புகழ்மொழி இல்லை, வசை இருக்கிறது, தேதி அங்கும் இல்லை. ஊரைக் கூறுபோட்டவராம். ஊர் என்ன பூசணிக்காயா, ஒருவர் கத்தியை வைத்ததும் இரண்டாக விழ? கூறுபோட இணங்கியவர்கள் நானூறு குடும்பங்கள் இருந்தன, அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் பணிசெய்த நீதிமன்றத்து நீதிபதிகளில் ஒருவர், தீர்ப்பின் முதல் படியைத் தட்டச்சு செய்து வைத்ததும், சிவப்பு மையால் தம் சொற்களையே அடிப்பார். கொடூரமான என்பதை அடிப்பார், அப்பாவியான என்பதை அடிப்பார், கடைசியில் கத்தியும் நேரமும் இடமும் மிஞ்சும். இதை அடித்தால் என்ன மிஞ்சும் என்று அவள் இரண்டு குறிப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கைபேசி அதிர்ந்தது.

“ராத்தா, முடிஞ்சிருச்சா?” இத்ரீஸ்தான்.

“மூணு வரி முடிஞ்சிருக்கு.”

“அது போன வாரமே முடிஞ்சிருச்சுன்னீங்களே. அச்சகத்துக்காரன் என் கழுத்துல உக்காந்திருக்கான் ராத்தா. நாலு வரி நல்லதா, நாலு வரி மத்ததாப் போட்டா சமமாப் போயிருமே.”

“சமமா இருந்தா நியாயமாயிருமா? ரெண்டு தட்டுலயும் குப்பையை அள்ளி வச்சாலும் தராசு நேராத்தான் நிக்கும் இத்ரீஸ்.”

“உங்ககிட்ட வாயக் குடுத்து மீண்டவன் உண்டா? அஸருக்கு வர்றேன்.”

நாலு வரி நல்லது. எந்த நாலு என்று அவனுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு முடிந்து புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றியாயிற்று. ஊரில் எந்தப் பெண்ணும் எட்டுக்கு மேல் படித்ததில்லை. அப்போது மௌலவி இளைஞர், தாடியில் ஒரு நரைகூட இல்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, குடையைக்கூட விரிக்கவில்லை, அது என்ன பிடிவாதமோ. “மீராசா, உம்ம குழாய் வழியா ஊருக்கே சத்தம் போகுது. உம்ம மக சத்தம் மட்டும் வாசப்படியைத் தாண்டக் கூடாதாக்கும்?” என்றார். வாப்பா சிரித்தார். வாப்பா சிரித்ததால்தான் புத்தகங்கள் பரணிலிருந்து இறங்கின. மௌலவி நாற்பத்தொரு வீடுகளுக்கு அப்படிப் போய் நின்றார் என்று பின்னால் தெரிந்தது. ஆறு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார்கள். இதை எழுதலாம், இது நல்லதில் சேரும், தேதியும் இருக்கிறது. ஆனால் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வருகிறதே: ஒன்பது ஆண்டுகள் கழித்து அவள் நீதிமன்றக் கச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த வாரம், அதே மௌலவி வெள்ளிக்கிழமை மேடையில், பெயர் சொல்லாமல், பெண் கச்சேரி ஏறுவது உலக முடிவான கியாமத்தின் அடையாளம் என்றார். அவள் முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழாய் வழியாக அச்சொல் வந்து தலையில் விழுந்தது. பெயர் சொல்லாவிட்டால் என்ன, ஊரில் கச்சேரி ஏறியவள் ஒருத்திதானே. கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது, நல்ல வேளை. மறுநாள் வாப்பா ஏணியை வைத்துப் பள்ளிவாசல் சுவரில் ஏறி, அந்தக் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினார். “பாவம், அதுக்குத் தெரியுமா தான் என்னத்தச் சொல்றோம்னு,” என்றார். வாசலைத் திறந்துவிட்டவர் படியில் இறங்கியதும் ஏன் கல்லெறிய வேண்டும்? அல்லது, திறந்தவரையில்தான் அவருடைய வெளிச்சமோ, அதற்கப்பால் அவருக்கும் இருட்டோ? ஒரு மனிதனை அவன் நின்ற இடத்திலிருந்து அளப்பதா, அவன் நின்றுவிட்ட இடத்திலிருந்தா? சே, இதுவும் அலங்காரம். அடி இதை.

உள்ளறையிலிருந்து இருமல். இருமலுக்குப் பின் என்ன வரும் என்று பல்கீஸுக்குத் தெரியும், பத்து நாள்களாக அதுதான் வருகிறது.

“எழுதிட்டியா?”

“இல்லம்மா.”

“அவன் சாட்சி கேக்கலேன்னு எழுது. மத்தது எதையும் எழுது, எழுதாமப் போ. அது மட்டும் வரணும்.”

“பாக்குறேன்.”

“பாக்குறதுக்கு என்ன இருக்கு? அது இல்லாம அந்தப் பக்கம் வெளிய போச்சுன்னா, என் மையித்தை நீ குளிப்பாட்ட வேணாம். சொல்லிப்புட்டேன்.”

சொல்லிப்புட்டாள், வெறும் மிரட்டலன்று, உம்மா மிரட்டுகிறவளல்லள், சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்கிறவள். ஓர் உம்மாவின் கடைசிக் குளிப்பாட்டல் மகளின் உரிமை. அதை எடுத்துக்கொண்டுவிட்டால் அறுபத்திரண்டு வயதில் தனக்கு வேறு என்ன மிச்சம் என்று பல்கீஸ் எண்ணினாள், எண்ணியதும் எரிச்சல் வந்தது, ஒரு பக்கத்துக்காக, முப்பது வரிகளுக்காக. மௌலவி கேட்கவில்லை என்பது உண்மைதான், அதை எழுதுவதில் தடையில்லை. ஆனால் உம்மா கேட்பது அந்த உண்மையையன்று. அதனுள்ளே இருக்கும் ‘பழிவாங்க’ என்ற சொல்லை. அது எழுதப்படாமலே அந்த வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும். ஊரில் எவரும் அதை அப்படித்தான் வாசிப்பார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் சந்தைத்திடல் கூட்டம் தெரியும். பெண்களுக்குக் கட்டிய திரைக்குப் பின்னால் அன்று பல்கீஸும் இருந்தாளே. வாப்பாவின் மைக்செட்டுத்தான், எந்தக் கட்சி கூப்பிட்டாலும் வாப்பா போவார், கொடியேற்றத்துக்கும் போவார், கொடியேற்றத்தைத் திட்டும் கூட்டத்துக்கும் போவார், கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டும் போடுவார். மௌலவி பேசிக்கொண்டே வந்து, “அந்தக் கொடிமரத்தை நட்டவன், அதுக்குப் பந்தல் போட்டவன், அதுக்கு மைக்கு கட்டினவன்” என்றார், அவ்வளவுதான், ஒலி நின்றது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்த வாப்பா மேடையைப் பார்த்து, “மெசினு களைச்சுப் போச்சு மௌலவி, அதுவும் ஒரு ஜீவன்தானே” என்றார். திடல் முழுதும் சிரித்தது. அவளும் சிரித்தாள், அதைச் சொல்ல வேண்டும், திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். மௌலவி சிரிக்கவில்லை, மைக்கில்லாமல் இன்னும் ஒரு மணி நேரம் பேசினார், தொண்டை கிழிந்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது. அன்று அவருடைய இளைஞர்கள் சிலர் வாப்பாவின் கம்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். பதினோரு மாதம் கழித்து வாப்பா நெஞ்சுவலியில் போனார். பெரிய பள்ளியில் அப்போது தொழுவிப்பவர் மௌலவிதான்.

அந்த நாள். அதை நினைக்காமல் இந்தப் பக்கத்தை எழுதிவிடலாம் என்று அவள் பத்து நாள்களாக முயல்கிறாள். தேளை மிதிக்காமல் தேள் இருக்கும் அறையைப் பெருக்குவதுபோல. உம்மா முற்றத்தில் நின்றாள். அழுகை ஓய்ந்திருந்தது, மற்றப் பெண்களைக் கையமர்த்திவிட்டு, மேற்கே குழாயின் பக்கம் முகத்தைத் திருப்பி, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அந்தக் குழாயை வாப்பாதான் கட்டிக்கொடுத்தார், அதன் முதுகில் அவர் கடைப் பெயர் பச்சை வண்ணத்தில் இருந்தது. மௌலவியின் மைக்கை நிறுத்தியவர் என்று பதினோரு மாதமாக ஊரில் வாப்பாவுக்கு நல்ல பெயரில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் சலாம் சொல்லாமல் போனார்கள். ஆனாலும் மூன்று முறை சொல்லிவிடுவார்களே, வழக்கமாயிற்றே, சொல்லித்தானே ஆக வேண்டும் என்று உம்மா அந்த மூன்று சொற்களுக்காக நின்றாள். தொழுகையின் தக்பீர் நான்கும் வந்தன. தொழுகையை முடிக்கும் சலாம் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு, குழாயில் காற்று மோதும் ஒலி, யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு மௌலவியின் குரல்: “தூக்குங்க.” அவ்வளவுதான். உம்மா இன்னும் கொஞ்சம் நின்றாள். ஒருவேளை பின்னால் கேட்பார்களோ என்று நின்றாள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரு விதத்தில் அப்படியே நிற்கிறாள், முக்காடு காதுக்குப் பின்னால். இதை எந்தப் பாக்குவெட்டியின் கீழ் வைப்பது?

வாசலில் செருப்பு உரசும் ஒலி. மோதினார் லெப்பைக்கனி, அன்று பெரிய பள்ளியில் பாங்கு சொன்னவர், பிறகு மௌலவியோடு புதுப்பள்ளிக்குப் போனவர், எண்பது வயதில் ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அடக்கம் செய்யும் மையவாடியின் பதிவேட்டைக் கொண்டுவரும்படி பல்கீஸ்தான் சொல்லியிருந்தாள். தேதியையாவது சரிபார்ப்போம் என்று.

“பிரிஞ்சப்போ எல்லாத்தையும் பங்கு போட்டாங்க, இதை மட்டும் ஒருத்தரும் கேக்கல. என் பெட்டியிலேயே கெடந்துச்சு,” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். “தண்ணி குடு தாயி. மைனி முழிச்சிருக்காங்களா?”

“முழிச்சுத்தான் இருக்காங்க. மெதுவாப் பேசுங்க மாமா.”

பதிவேடு நீள்வடிவம், கரையான் ஓரம். எண், பெயர், தகப்பன் பெயர், நாள், தொழுவித்தவர், கடைசியில் சாட்சி என்றொரு கட்டம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதே சாய்ந்த கையெழுத்தில் ‘நல்லவர்’. பக்கம் பக்கமாக நல்லவர்கள், ஊரில் ஒரு கெட்டவரும் இறந்ததில்லை. அவள் விரல் அந்த ஆண்டுக்கு வந்தது, அந்த மாதத்துக்கு வந்தது, மீராசா என்ற பெயரில் நின்று, வரியின் மேலேயே நகர்ந்து கடைசிக் கட்டத்துக்குப் போயிற்று. அங்கே ‘நல்லவர்’ என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த வரியில் கட்டம் காலி. அதற்கடுத்ததும் காலி. அதற்குப் பிறகு எல்லாம் காலி.

“மாமா, இதை யாரு எழுதுனது?”

“நான்தான். வேற யாருக்கு எழுதத் தெரியும் அங்க?”

“வாப்பாவுக்குச் சாட்சி கேக்கவே இல்லையே.”

“கேக்கல.”

“அப்ப நல்லவர்னு எப்படி எழுதுனீங்க?”

மோதினார் சற்று வெட்கப்பட்டார். “எப்பவும் ஒண்ணுதானே தாயி சொல்லப்போறாங்க. தொழுகைக்கு முன்னாடியே எழுதி வச்சிருவேன். அப்புறம் மையவாடிக்கு ஓடணும், மண்ணு தள்ளணும், எங்க நேரம்?”

முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவேடுகளோடு வாழ்ந்தவளுக்கு முதலில் வந்தது கோபந்தான். நடவாததை நடந்ததாக, நடப்பதற்கு முன்பே. இப்படி ஒரு குமாஸ்தா அவளிடம் வேலை செய்திருந்தால் மறுநாளே குறிப்பாணை. ஆனால் கோபத்தின் அடியில் வேறொன்று அசைந்தது. மோதினார் முன்பே எழுதினார் என்றால் அன்று காலைவரை அவருக்குத் தெரியாது, கேள்வி வழக்கம்போல வரும் என்றே நம்பியிருக்கிறார். உடனிருந்த மோதினாரிடமே சொல்லவில்லை என்றால் மௌலவி அதை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. கொள்கை என்றால் வெள்ளிக்கிழமை மேடையில் அறிவித்திருப்பார், எதையும் அறிவிக்காமல் செய்கிறவரல்லர் அவர். காரணங்களை அடுக்கிய அந்தச் சிறுநூல் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. ஆகவே முடிவு அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் எடுத்தது. அப்படியானால் ஊர் சொல்வதுதான் சரியா, நெஞ்சில் வைத்திருந்த திடல் சிரிப்பைக் கடைசி நிமிடத்தில் தீர்த்துக்கொண்டாரா?

“ஏன் கேக்கல மாமா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“முப்பத்தெட்டு வருஷமாத் தெரியுமா?”

“யாரும் கேக்கலையே தாயி.” அவர் தண்ணீரை முழுதும் குடித்தார். “நாலு பேரு மூணாவது வரிசையில நின்னானுவ. நம்ம ஆளுவதான், மௌலவிக்காக உசிரக் குடுக்குறவனுவ. நல்லவரான்னு கேட்டதும் கெட்டவர்னு கத்துறதுன்னு பேசி வச்சிருந்தானுவ. மைக்க நிறுத்துனவனுக்கு மைக்குலயே குடுக்கணும்னு. என் காதுல விழுந்துச்சு. சந்தூக்கு வந்து எறங்கினப்ப மௌலவிகிட்ட ஓடிப் போயிச் சொன்னேன். முகம் வெளுத்துப்போச்சு மனுசனுக்கு. மைக்க அணைச்சிரட்டுமான்னேன். ‘அணைச்சா மீராசா அணைச்சதுக்கு நான் அணைச்சேன்னு சொல்வானுவ’ன்னாரு. அந்தக் குழாய்க்கு நேரா ஒரு பொம்பளை நிப்பாளேன்னாரு. கையைக் கட்டிட்டுத் தொழுவிச்சாரு. முடிஞ்சதும் என்னைப் பாத்தாரு, தூக்குங்கன்னுட்டாரு.”

மைக்கை நிறுத்தினால் பழிவாங்கியதாகச் சொல்வார்கள் என்று கேள்வியையே நிறுத்தினார். அப்படியும் பழிவாங்கியதாகத்தான் சொன்னார்கள். பல்கீஸுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஒரு முறை நிறுத்திவிட்டு, அடுத்த மையித்துக்குக் கேட்டால் மீராசாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி எழும். ஆகவே அடுத்ததற்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு நூல்களைப் புரட்டிக் காரணம் தேடி, தேடியது கிடைத்து, கிடைத்ததைத் தாமே நம்பி, அதற்காக ஊரோடு மோதி, பள்ளி பிரிந்து, பெருநாள் பிரிந்து. ஒரு மைக்செட்டுக்காரனின் மானத்தை மறைக்க விரித்த துணியா இத்தனை பெரிய கொள்கையாக வளர்ந்தது? அல்லது கொள்கை முன்பே இருந்தது, இந்நான்கு பேர் அதற்கொரு வாய்ப்பாக அமைந்தார்களா? அல்லது இது எதுவுமே இல்லையா? ஒற்றைச் சாட்சி, மௌலவியின் ஆள், முப்பத்தெட்டு ஆண்டு தாமதம், மலரில் மௌலவியின் பக்கம் வரப்போகும் நேரத்தில். எந்த நீதிமன்றமும் இதை முழுதாக ஏற்காது. ஏற்காது என்பதற்காகப் பொய்யென்றும் ஆகாது. அவளுக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. நான்கு பேர் மேல், மோதினார் மேல், திடலில் சிரித்த தன் மேல், எல்லாரையும் விட அந்த மனிதர் மேல். நல்லதைச் செய்தால்கூட, செய்தது தெரியாமல், கல்லைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, யாரும் நன்றி சொல்லிவிடக் கூடாதென்று.

“அந்த நாலு பேரும் யாரு?”

“மூணு பேரு மவுத்தாயிட்டானுவ. ஒருத்தன் இருக்கான், அப்பத்தான் காலேஜுல சேந்திருந்தான். பேரு வேணாம் தாயி. இப்ப நல்ல மனுசன்.”

“மௌலவி எங்க உம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“நானும் கேட்டேன். ‘என்னன்னு சொல்ல? உன் புருசனைக் கெட்டவன்னு கத்த நாலு பேரு நின்னானுவன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லவா? என்னை ஏசிட்டுப் போகட்டும்’னாரு.”

“லெப்பைக்கனி.” உள்ளறையிலிருந்து. ஒரு காது மந்தம் என்று சொல்லிக்கொள்ளும் உம்மாவுக்கு வேண்டியபோது இரண்டும் கேட்கும். “இங்க வா.”

பல்கீஸ் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். உம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மோதினாரை அவள் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்தாள்.

“அதுல அவர் பேரு இருக்கா?”

“இருக்கும்மா.”

“வாசி.”

பல்கீஸ் வாசித்தாள். எண், பெயர், தகப்பன் பெயர், நாள், தொழுவித்தவர் மௌலவி அப்துல் வதூது, சாட்சி நல்லவர். தவறான பதிவு என்று நாவின் நுனிவரை வந்தது, விழுங்கினாள்.

“எப்ப எழுதுனே அதை?” உம்மா மோதினாரைக் கேட்டாள்.

“தொழுகைக்கு முன்னாடி மைனி.”

“கேக்குறதுக்கு முன்னாடியே.”

“ஆமா.”

உம்மா கையை நீட்டிப் பதிவேட்டின் ஓரத்தைத் தொட்டாள். பிறகு கத்தத் தொடங்கினாள், பல்கீஸ் எதிர்பாராத திசையில். “அறிவுகெட்ட மனுசன்! ஏசிட்டுப் போகட்டுமாமே! முப்பத்தெட்டு வருசம் ஒவ்வொரு தொழுகையிலும் அவனை ஏசினேனே, அந்தப் பாவத்த யாரு சுமக்குறது? அவனா வந்து சுமப்பான்? நாலு நாயி குரைக்கும்னு சொன்னா நான் செத்தா போயிருப்பேன்? என் புருசனை ஊர் ஏசுனது எனக்குத் தெரியாதாக்கும்! என்னைப் பச்சப்புள்ளைன்னு நெனச்சானே. ஊருக்கே புத்தி சொன்னான், ஒரு பொம்பளைகிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியல அவனுக்கு.” மூச்சு வாங்கியது. மோதினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தலையணையில் சாய்ந்தாள். “எழுது பல்கீசு. கேக்கலேன்னு எழுது. ஏன்னு லெப்பைக்கனி சொல்றான்னு எழுது. எனக்குச் சொல்லவே இல்லேன்னும் எழுது. மூணும் வரணும்.”

“அவரை மன்னிச்சுட்டியாம்மா?”

“அது எனக்கும் அல்லாஹ்வுக்கும். உன் பக்கத்துல அதுக்கு எடமில்ல.”

மின்சாரம் வந்தது. விசிறி சுழன்றதும் மேசைமேலிருந்த இரண்டு குறிப்புகளும் பாக்குவெட்டிகளின் அடியில் படபடத்தன. பல்கீஸ் அவற்றை மடித்து இழுப்பறையில் போட்டாள். பிறகு எழுதினாள், ஒரு புகழ்மொழியும் ஒரு வசையும் இல்லாமல், கை ஓரிடத்திலும் நிற்காமல். நாற்பத்தொரு வீடுகள், ஆறு மாணவிகள். கச்சேரிக்குப் போன பெண்ணைப் பற்றி மேடையில் சொன்னது. திடல் கூட்டம், நின்ற ஒலி, ஒரு மணி நேரம். சிறுநூல், பிரிவு, இரண்டு பெருநாள்கள், அவர் பக்கம் போன குடும்பங்களின் தொகை, போகாத குடும்பங்களின் தொகை. கடைசியில் இவ்வாறு: “மீராசாவின் ஜனாஸாவில் அவர் முதன்முறையாகச் சாட்சி கேட்கவில்லை. பின்னர் மார்க்கக் காரணங்களை எழுதினார். இறந்தவரின் மானத்தைக் காக்கவே அன்று அவ்வாறு செய்தார் என்று உடனிருந்த ஒருவர் கூறுகிறார். இதற்கு வேறு சாட்சி இல்லை. மீராசாவின் மனைவிக்கு அக்காரணத்தை அவர் சொல்லவில்லை.” அஸர் பாங்கு தொடங்கியபோது மூடியைத் திருகிப் பேனாவை வைத்தாள்.

பின்னர் உறுதியானவை இவை. அந்தப் பக்கம் மலரில் நூற்றுப் பதினான்காம் பக்கமாக, ஒரு சொல்லும் மாறாமல் வந்தது. மௌலவியைச் சிறுமைப்படுத்திவிட்டதாகப் புதுப்பள்ளியாரும், அவரைப் புனிதராக்கிவிட்டதாகப் பெரிய பள்ளியாரும், ஒரே வாரத்தில் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தனர். கடைசி ஐந்து வாக்கியங்களை ஏன் நீக்கவில்லை என்று இரு தரப்பும் கேட்டபோது, செயலாளர் இத்ரீஸ், மீராசா இறந்த ஆண்டில் தமக்குப் பதினெட்டு வயது, கல்லூரியில் சேர்ந்த புதிது என்று மட்டும் விடை கூறினார். மலர் வந்த ஆண்டே செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். மோதினார் சொன்னதற்கு வேறு சான்று அகப்படவில்லை. பதிவேடு சங்க நூலகத்தில் இருக்கிறது. மீராசாவின் வரியைத் திருத்த வேண்டுமா என்று நூலகர் எழுதிக் கேட்டதற்குப் பல்கீஸ் பதில் அனுப்பவில்லை. அலுவல் கடிதம் ஒன்றுக்கு அவள் பதில் எழுதாதது அதுவே முதல் முறை. உம்மா மறு ஆண்டு, ரஜப் மாதத்தில், ஒரு விடியலில் மவுத்தானாள். பல்கீஸ்தான் குளிப்பாட்டினாள். பெரிய பள்ளியில் தொழுகை நடந்தது. தனக்குச் சாட்சி கேட்க வேண்டாமென்று உம்மா சொல்லிவைத்திருந்ததால் கேட்கவில்லை. மீராசா பெண்டாட்டி கடைசியில் வதூது கட்சிக்குப் போய்விட்டாள் என்று அன்று மாலையே ஊர் பேசியது. மேற்குச் சுவரில் அதே குழாய்தான் இருந்தது, முதுகிலிருந்த பச்சை எழுத்துகளில் பாதி உதிர்ந்திருந்தன. தக்பீர் நான்கும் வந்தன, சலாம் வந்தது, ஒரு கரகரப்பு, பிறகு “தூக்குங்க.” முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு முற்றத்தில் நின்ற பல்கீஸ், எவரும் கேளாத கேள்விக்கு “நல்லவர்” என்று மூன்று முறை விடை சொன்னாள். முதல்முறை உம்மாவின் காலிக் கட்டில் பக்கமாக, இரண்டாம் முறை குழாயின் பக்கமாக. மூன்றாம் முறை, புதுப்பள்ளியின் பக்கமாகச் சொன்னபோது அவள் குரலில் நல்ல எரிச்சல் இருந்தது என்று அருகில் நின்றவர்கள் சொல்கிறார்கள், ஆனாலும் சொன்னாள்.